மச்சம்: பலன் பார்க்கும் முன் மாற்றம் பார்ப்போம்

இந்த முறை பாடம் நம் தோலைப் பற்றியது. நான் படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், மருத்துவம் இல்லை. அதனால் உங்களுக்கு என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. எப்போது டாக்டரிடம் போகணும் என்பதை மட்டும் சேர்ந்து படிப்போம்.

நம்ம வீடுகளில் மச்சம் என்றாலே பலன்தான் பேசுவாங்க. உள்ளங்காலில் இருந்தால் வெளிநாட்டுப் பயணம் என்பாங்க. பலன் சொல்கிறவர் மச்சம் எங்கே இருக்கு என்று பார்க்கிறார். டாக்டர் அது மாறுதா என்று பார்க்கிறார். இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

நமக்கு வராதா?

"தோல் புற்றுநோய் வெள்ளைக்காரங்களுக்குத்தான் வரும்" என்று பலர் சொல்வாங்க. இது பாதி உண்மை. நம் தோலின் நிறமி வெயிலிலிருந்து ஓரளவு காப்பாற்றுது. அதனால் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் நம்மிடையே அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் அதிகம் வருது. அங்கே வெயில் முக்கியக் காரணம் இல்லை. யாரும் அங்கே பார்ப்பதும் இல்லை. அதனால்தான் தாமதமாகக் கண்டுபிடிக்கிறாங்க.

பாடகர் பாப் மார்லியை எல்லாருக்கும் தெரியும். 1977-இல் அவருடைய வலது கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் ஒரு கருமை இருந்தது. ஃபுட்பால் விளையாடியதில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தாங்க. பரிசோதித்தபோது மெலனோமா. விரலை எடுக்கச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை; நகத்தையும் அதன் அடித்தோலையும் மட்டும் நீக்கினாங்க. 1980-இல் நோய் மூளை வரை பரவியிருந்தது தெரிந்தது. 1981 மே 11 அன்று காலமானார். வயது 36.

ஐந்து கேள்விகள்

1985-இல் நியூயார்க் டாக்டர்கள் முதல் நான்கையும் வகுத்தாங்க. 2004-இல் ஐந்தாவது சேர்ந்தது.

1. நடுவில் கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கா?
2. விளிம்பு ஒழுங்காக இருக்கா, பிய்ந்தது போல் இருக்கா?
3. ஒரே நிறமா? கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம் கலந்து இருக்கா?
4. பென்சில் முனை ரப்பரைவிட, அதாவது சுமார் 6 மில்லிமீட்டரைவிடப் பெரிசா?
5. சில வாரங்களில், மாதங்களில் மாறுதா?

ஐந்தாவதுதான் முக்கியம். பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கிற மச்சம் பெரும்பாலும் பிரச்சினை தராது. புதிதாக வந்து வளர்வது, அரிப்பது, ரத்தம் கசிவது, ஆறாத புண் போல இருப்பது, மற்ற மச்சங்களோடு ஒத்துப்போகாமல் தனியாகத் தெரிவது ஆகியவற்றைக் காட்டணும். 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் மாறினால் காட்டணும்.

காலும் நகமும்

தைப்பூசத்துக்குப் பத்துமலை வரை வெறுங்காலில் நடந்தால் காலில் ரத்தம் கட்டுவது சாதாரணம். அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். கட்டிய ரத்தம் நகத்தோடு முன்னால் நகர்ந்து போகும். அடியில் தெளிவான நகம் வரும். இரண்டு மூன்று மாதம் ஆகியும் கருமை அடியிலேயே நின்றால் டாக்டரைப் பாருங்க. நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருக்கலாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகும் கோடும், நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவும் கருமையும் வேறு விஷயம். அதற்குக் காத்திருக்கவே வேண்டாம்.

ஏன் அவசரம்?

எந்திரத்தில் விரிசல் மேலே எவ்வளவு நீளம் என்பதைவிட, உள்ளே எவ்வளவு ஆழம் என்பதுதான் எங்களுக்குக் கவலை. இங்கேயும் அப்படித்தான். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியல் மருத்துவர், மெலனோமாவின் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்தால் அது எவ்வளவு ஆபத்து என்று கணிக்கலாம் என்று காட்டினார். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வெட்டி எடுப்பதிலேயே பெரும்பாலோர் குணமாகிறாங்க. 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் பரவும் ஆபத்து மிக அதிகம். நாம் தள்ளிப்போடும் மாதங்கள் இந்தக் கணக்கில்தான் சேரும்.

செய்யக் கூடாதது

மச்சத்தில் சுண்ணாம்பு வைப்பது, முடியால் கட்டுவது, கடையில் வாங்கிய அமிலத்தைத் தடவுவது வேண்டாம். சந்தேகமான மச்சத்தை அழகு நிலையத்தில் லேசரால் எரிப்பதும் வேண்டாம். எரித்துவிட்டால் லேபில் பரிசோதிக்கத் திசுவே இருக்காது. மேலே மறைந்து, உள்ளே இருப்பது தொடரலாம்.

எங்கே போவது?

முதலில் பக்கத்தில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தான். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் அவங்களே கடிதம் எழுதி, கோலாலம்பூர் பெரிய மருத்துவமனை போன்ற இடங்களின் தோல் பிரிவுக்கு அனுப்புவாங்க. "எப்போதிலிருந்து இருக்கு, எப்படி மாறியது" என்று தேதியோடு சொல்லுங்க. பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலும் 1 ரிங்கிட்டுக்கு மதிப்புள்ளதுதான்.

இந்த வாரப் பயிற்சி

1. குளித்த பிறகு உள்ளங்கால், விரல் இடுக்கு, நகங்களைப் பாருங்க. மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத நாளாக இருக்கட்டும்.
2. கவனிக்க வேண்டிய மச்சத்தின் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்க. அடுத்த மாதம் அதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்க. ஏற்கெனவே சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் காத்திருக்காமல் கிளினிக்குக் கிளம்புங்க.
3. தாத்தா பாட்டிக்குக் குனிந்து பாதம் பார்க்க முடியாது. நீங்க பார்த்துச் சொல்லுங்க. ஆசீர்வாதம் வாங்கக் காலைத் தொடும்போது பாதத்தையும் ஒரு முறை பார்த்துவிடலாமே!