அட்டையில் இருப்பவரும் எழுதியவரும்

(இளம் அறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

அமெரிக்காவில் நூலகங்களும் வாசகர் குழுக்களும் ‘வாசிப்பு அறைகூவல்’ நடத்துவதுண்டு. ஓராண்டில் இத்தனை நூல்கள், அவையும் இன்ன வகை நூல்கள் என்று வரையறுத்துக்கொண்டு படிப்பார்கள். வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்களின் நூல்களை மட்டும் படிப்பது அவற்றுள் ஒன்று. கறுப்பினத்தார், அந்நாட்டின் தொல்குடியினர், ஆசிய வழியினர், இலத்தீன் அமெரிக்க வழியினர் யாவரும் இதில் அடங்குவர். இவ்வாண்டு நானும் அவ்வாறு ஐந்து நூல்கள் படிப்பதென்று முடிவு செய்து, எவை சேரும், எவை சேரா என்று பார்க்கத் தொடங்கினேன்.

இலையை மட்டும் பார்த்துச் செடியின் குடும்பத்தைச் சொல்லிவிடக் கூடாது, பூவைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் முதற்பாடம். நூலுக்கு அட்டைப்படம் இலை போன்றது. எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் வெளியிட்ட ‘தி ஸ்னோயி டே’ என்னும் படநூலில், பனியில் விளையாடும் பீட்டர் ஒரு கறுப்பினச் சிறுவன். அந்நூல் 1963-இல் கால்டெகாட் பதக்கமும் பெற்றது. ஆயினும் கீட்ஸ், போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆகவே இக்கணக்கில் அது சேராது. “நல்ல நூலை ஒதுக்கலாமா?” என்றான் விடுதி நண்பன். படிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1962 முதல் 1964 வரை அங்கு வெளியான 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்த நான்சி லாரிக் அம்மையார், கறுப்பினத்தார் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே என்று 1965-இல் எழுதினார். அது நூலுக்குள் இருப்பவர் கணக்கு. எழுதியவர் கணக்கு இன்னும் மோசம். விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சிறுவர் நூல் மையத்தின் எண்ணிக்கைப்படி, 1985-இல் வெளியான ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பினத்தார் எழுதியவை அல்லது படம் வரைந்தவை 18 தாம்!

யார் எழுதினால் என்ன என்பார்க்கு மில்ட்ரெட் டெய்லர் 1976-இல் வெளியிட்ட ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை’ நாவலைக் காட்டுவேன். கதை 1933-இல் மிசிசிப்பி மாநிலத்தில் நடக்கிறது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பாடநூல்கள் வருகின்றன. ஆறு வயதுச் சிறுவன் ஆவலோடு வாங்கித் திறந்தால் உள்ளே ஓர் அட்டவணை. முதல் பதினொரு முறையும் அந்நூல் வெள்ளைப் பிள்ளைகளிடம் இருந்திருக்கிறது. மிகவும் சிதைந்துபோன பிறகு, பன்னிரண்டாம் முறை, இழிசொல்லால் குறிக்கப்பட்ட இவனுக்கு! சிறுவன் நூலைத் தரையில் வீசி மிதிக்கிறான். வேறொருவர் எழுதியிருந்தால் கிடைத்ததைப் போற்றும் ஏழைச் சிறுவனாக்கியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. டெய்லர் தம் தந்தை சொன்ன குடும்பக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். எனவே அந்தச் சினம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மேல்நிலை வகுப்பு வரை நான் படித்தவையும் பிறர் படித்து முடித்த நூல்களே. அவற்றில் அப்படி ஓர் அட்டவணை இல்லை. ஆயினும் இப்பக்கத்தை மும்முறை படித்தேன்.

பெயரைப் பார்த்தாலும் போதாது. ‘தி எஜுகேஷன் ஆஃப் லிட்டில் ட்ரீ’ என்னும் நூல், செரோக்கி இனத்துப் பேரன் ஒருவனின் தன்வரலாறாக 1976-இல் வந்தது. ஆசிரியர் பெயர் ஃபாரஸ்ட் கார்ட்டர். உண்மையில் அவர் ஆசா கார்ட்டர் என்பவர். இனப் பிரிவினையை முழங்கிய அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு 1963-இல் உரை எழுதிக்கொடுத்தவர்! 1991-இல் இந்நூல் விற்பனையில் முன்னணிக்கு வந்தபோதுதான் பலருக்கும் இது தெரிந்தது.

அலெக்சாண்டர் டூமாவின் பாட்டி, ஹெயிட்டித் தீவில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். ஆதலால் டூமா தாராளமாகச் சேர்வார். ஆனால் ‘மூன்று வீரர்கள்’ கதையை எடுத்துக்கொண்டு கணக்கு முடிப்பது சோம்பேறித்தனம். 1843-இல் அவர் எழுதிய ‘ஜார்ஜ்’ நாவலின் நாயகன் மொரீஷியஸ் தீவின் கலப்பினத்தவன். அதையே என் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

இனி நம்மவர்கள். அமெரிக்க வாசகர் ஆர். கே. நாராயணைத் தம் பட்டியலில் சேர்க்கலாம், தவறில்லை. நான் சேர்த்தால் என்ன பொருள்? மால்குடியைப் படிக்க எனக்கு அறைகூவல் எதற்கு? எனவே இந்திய எழுத்தாளர்களை விட்டுவிட்டேன், ஒருவரைத் தவிர. வங்காளத்தில் பிறந்து 1910-இல் அமெரிக்கா சென்ற தன் கோபால் முகர்ஜி, ‘கே நெக்’ என்னும் புறாக் கதைக்காக 1928-இல் நியூபெரி பதக்கம் பெற்றார். 1922 முதல் வழங்கப்படும் அப்பதக்கம் கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்குக் கிடைக்க 1975 வரை ஆயிற்று. பெற்றவர் வெர்ஜினியா ஹாமில்டன். முகர்ஜி அங்கிருந்து, அந்நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதியவர் என்பதால் அவரைச் சேர்த்துக்கொண்டேன். டெய்லர், டூமா, முகர்ஜி, ஹாமில்டன் என நால்வர் ஆயினர். ஐந்தாம் இடத்தைத் தொல்குடி எழுத்தாளர் ஒருவருக்காக வைத்திருக்கிறேன்.