ஆறு நாள் நிற்கும் கார்

கேள்வி: காவேரிப்பாக்கத்தில் வசிக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையில் ஃபினிஷிங் பிரிவில் வேலை. ஆறு வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கிறது. நாலு நாள் லீவு சேர்ந்தால் கோவா, கன்னியாகுமரி என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக்கென்றே ஒரு கார் வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. எட்டு லட்சம் சேர்த்திருக்கிறேன். 2004 மாடல் மிட்சுபிஷி லேன்சர் பெட்ரோல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெங்களூரில் பத்து வயதான ஜெர்மன் டீசல் செடானும், ஒரு பழைய தாரும் இந்தத் தொகைக்குள் வருகின்றன. எதை வாங்கலாம்? எங்கள் பக்கம் நல்ல தோல் மலிவாகக் கிடைக்கும். அதை சீட்டுக்குப் போடலாமா?

பதில்: இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதத்தில் லேன்சரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி. மனசுக்குள் முடிவெடுத்துவிட்டு என்னிடம் சம்மதம் கேட்கிறீர்கள். தருகிறேன், சில நிபந்தனைகளோடு.

முதலில் மற்ற இரண்டையும் தள்ளிவிடுவோம். பத்து வயது ஜெர்மன் செடான் எட்டு லட்சத்துக்குக் கிடைப்பதற்குக் காரணம், அதை வைத்திருந்தவருக்கு அடுத்த சர்வீஸ் பில் எவ்வளவு என்று தெரியும். காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. ஒரு சென்சார் போனாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ இழுத்துக்கொண்டு போக வேண்டும். கர்நாடகப் பதிவு என்பதால் அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே வரி, புது எண் என்று அலைச்சல் வேறு. தார் நல்ல வண்டிதான், ஆனால் அதன் அருமை மண்பாதையில். உங்கள் ஞாயிறு ஓடப்போவது தேசிய நெடுஞ்சாலை 48-ல். உயரமான வண்டி, வளைவில் சாயும், காற்றிரைச்சல் அதிகம். பின் சீட்டில் உட்காருபவர்கள் ஒரே பயணத்தில் கசந்துபோவார்கள்.

லேன்சர் நம்ம ஊர்க் கார். 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் திருவள்ளூரில் தயாரிக்கத் தொடங்கியது. உங்கள் வீட்டிலிருந்து அந்த ஆலை ஒன்றும் தூரமில்லை. ஸ்டியரிங் பேசும், பின்பக்க மல்டிலிங்க் சஸ்பென்ஷன் வளைவில் காரைத் தரையோடு ஒட்டி வைக்கும். இன்றைய கார்களில் இந்தச் சுகம் குறைந்துவிட்டது. ஆனால் இந்தக் காரில் கோவா போகாதீர்கள். நெடும்பயணத்துக்கு ஏர்பேக், ஏ.பி.எஸ்., எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரிபாகம் மூன்றும் இருக்கிற உங்கள் ஹேட்ச்பேக்தான் சரி. குழந்தைகளோடு ராத்திரி பதினொரு மணிக்கு சித்ரதுர்கா பக்கம் நின்றுபோன இருபது வயதுக் கார் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அழகாக இருக்காது.

இனி செலவுக்கு வருவோம். வார இறுதிக் கார் வாங்குபவர்கள் எல்லாரும் அது ஓடும் ஒரு நாளைத்தான் கணக்குப் போடுகிறார்கள். பணம் கேட்பது நிற்கும் ஆறு நாள்.

ஓடாத காரில் முதலில் சாவது பேட்டரி. "தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும்" என்பார்கள். போதாது, கெடுதல். அந்த ஐந்து நிமிடத்தில் இன்ஜின் சூடேறுவதில்லை. எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட பேட்டரிக்குத் திரும்பாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள், ஏ.சி.யைப் போட்டபடி. கம்ப்ரசர் சீலுக்கு எண்ணெய் போய்ச் சேர அது ஒன்றுதான் வழி. ஓட்ட முடியாத மாதங்களுக்கு ஒரு சின்ன டிரிக்கிள் சார்ஜர் வாங்கி வையுங்கள்.

நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். ஏரிக் காற்று அடிக்கும் ஊர் உங்களுடையது. உள்ளே வியர்த்து பெயின்ட் குமிழியிடும். ஷெட்டும் பருத்தித் துணிக் கவரும் போதும். அறுவடை முடிந்த மாதங்களில் வயல் எலி ஷெட்டுக்குக் குடிவரும். பானெட்டைத் திறந்து வயரிங்கை வாராவாரம் பாருங்கள்.

பெட்ரோலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. 2004-ல் செய்த ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் நீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஆகவே கார் கைக்கு வந்ததும் ஃபியூல் ஹோஸ்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பழைய பெட்ரோலைத் தேங்கவிடாமல், ஊற்றியதை ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

கழுவும் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரில் ஏறிய உப்பு தீர்ப்போடு இறங்கிவிடவில்லை. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் உலர விட்டால் கறுப்பு பெயின்டில் வெள்ளை வட்டங்கள் விழும். நிழலில் கழுவி உடனே துடையுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஒரு டம்ளர்கூடக் கூடாது.

இப்போது தோல். நீங்கள் கேட்டதிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். உங்கள் பக்கத்தில் கார் வைத்திருக்கும் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், அதுவும் தோலைத் தொட்டே தரம் சொல்லத் தெரிந்தவர்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி ஆலைகளில் எளிதாகக் கையில் கிடைப்பது ஷூ அப்பருக்கான தோல். கனம் பார்த்தால் கார் சீட்டுத் தோலுக்குக் கிட்டத்தட்ட அதே கனம்தான் இருக்கும். அதனால்தான் "இதுவே போதும்" என்று தோன்றுகிறது. சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. ஷூ ஒரு நாளும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மே மாத வெயிலில் எட்டு மணி நேரம் கிடப்பதில்லை. கார் கிடக்கும், உள்ளே 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் தோலில் ஏற்றிய கொழுப்பெண்ணெய் ஆவியாகி விண்ட்ஷீல்டின் உட்புறத்தில் படலமாகப் படியும். எதிர்வண்டி விளக்கு பட்டால் கண் கூசும். இதற்கென்றே ஃபாகிங் சோதனை உண்டு. கார் தோல் அதில் தேற வேண்டும். வெயிலில் நிறம் வெளுக்காமை, உரசலுக்குத் தேயாமை, உட்கார்ந்து எழுந்தால் தொய்யாமை என்று இன்னும் பல. ஷூ தோலிடம் இவற்றை யாரும் கேட்பதில்லை.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் வாசனைக்கு நானும் அடிமை. இருந்தாலும் சீட்டில் வேண்டாம். வெயில் பட்டால் கறுக்கும், விறைக்கும். குரோம் தோல் தாங்கும் சூட்டை அது தாங்காது.

வாங்கத்தான் வேண்டுமென்றால் கார் அப்ஹோல்ஸ்டரிக்கென்றே ஃபினிஷ் செய்த மாட்டுத்தோலாகக் கேட்டு வாங்குங்கள், ஃபாகிங் அறிக்கையோடு. சந்தேகம் இருந்தால் சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோல் சோதனைக்கு அதைவிட வேறு வீடு நமக்கில்லை. எல்லாத் தோலும் ஒரே லாட்டில் இருக்கட்டும். அடுத்த லாட்டில் நிறம் அரை மாத்திரை மாறும் என்பது ஃபினிஷிங்கில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. பின்னால் ஒட்டுப்போட ஒரு துண்டை எடுத்து வையுங்கள்.

நானாக இருந்தால் சீட்டைத் துணியிலேயே விட்டுவிடுவேன். வேலூர்ப் பக்கத்து மத்தியானத்தில் தோல் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆசையை ஸ்டியரிங்கிலும் கியர் பூட்டிலும் தீர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மெல்லிய ஆட்டுத்தோல் அருமையாகப் பொருந்தும், கையால் தைக்க ஆம்பூரில் ஆள் தேட வேண்டியதே இல்லை. தைத்து வந்த பிறகு தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். மேலே பூச்சுள்ள தோல் எண்ணெயைக் குடிக்காது, அழுக்கைத்தான் பிடித்து வைக்கும். இன்னொன்று, ஹேட்ச்பேக்கில் சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அதற்கு இறுக்கமான சீட் கவரே ஆகாது. விரிய வேண்டிய நேரத்தில் தையல் விடாது.

சாலைக்கு வருவோம். வீடு அமைந்த இடத்தில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். காலையில் மேற்கே கிளம்பினால் சூரியன் முதுகுக்குப் பின்னால். மாலையில் கிழக்கே திரும்பும்போதும் முதுகுக்குப் பின்னால்தான். சென்னைக்காரர்கள் மகாபலிபுரம் போகும்போது இது வாய்க்காது. ஆகவே ஞாயிறு விடியலில் வாலாஜா, வேலூர், ஆம்பூர் வழியாக ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், லேன்சருக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற மலை. ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் பிரேக்கைச் சுட்டுவிடுகிறார்கள். ஆம்பூர் பிரியாணியை மலை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சீரகச் சம்பாவும் எண்ணெய்க் கத்தரிக்காயும் வயிற்றில் இருக்கும்போது கொண்டை ஊசி வளைவு ஏறினால் பின் சீட் மன்னிக்காது. சாப்பிட்டதும் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் முக்கால் மணி நேரம் கண்ணயருங்கள். பள்ளிகொண்டா பக்கம் மத்தியானம் தூக்கம் தள்ளும் நேரான சாலை அது.

கிழக்கே ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அகலப்படுத்தும் வேலையும் மாற்றுப்பாதைகளும் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகளும் பழகிப்போன சங்கதிகள். இருட்டில் அந்தப் பக்கம் வேகம் காட்ட வேண்டாம். வேகம்தான் ஆசை என்றால் அதே சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது, சுமார் 3.7 கிலோமீட்டர். சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் நாட்களை விசாரித்து, ஹெல்மெட்டோடு போங்கள். போகுமுன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலை ராத்திரி 9 முதல் காலை 6 வரை அடைப்பு. நெடும்பயணத் திட்டத்தில் இவற்றை முதலில் எழுதுங்கள், ஓட்டலை அப்புறம் பிடிக்கலாம்.

2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் 200 சுங்கச்சாவடிக் கடப்புகளுக்கு. அது ஒரு வண்டி எண்ணுக்கு மட்டும். இன்னொரு காருக்கு மாற்ற முடியாது. ஓசூர் போய்த் திரும்பினால் சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று எட்டு கடப்பு. பாஸை ஹேட்ச்பேக்குக்கே எடுங்கள். இன்ஷூரன்ஸில் லேன்சருக்கு ஓடும் கிலோமீட்டருக்கேற்ற பிரீமியம் உண்டா என்று கேளுங்கள். 2022 முதல் அந்த வசதி வந்திருக்கிறது.

கடைசியாக, வாங்கும் நாள். ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசு அறிவிப்பு 20 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கியது. விலை பேசும்போது அதைக் கழித்துப் பேசுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் இருபத்து மூன்றாவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு லட்சத்தில் காருக்கும் முதல் வருட வேலைக்கும் சேர்த்து ஐந்தைத் தாண்டாதீர்கள். மீதி வங்கியில் கிடக்கட்டும், அது வீணாகாது.

காரைக் காலையில் போய்ப் பாருங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகைக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு உங்கள் மெக்கானிக்கின் ரேம்பில் ஏற்றி அடியில் துரு பார்க்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றுக்கு விற்பவர் மறுத்தாலும் கிளம்பி வந்துவிடுங்கள். வேறு லேன்சர் கிடைக்கும்.