வெயிலில் சிக்கிய தோட்டா

விலை உயர்ந்த கருவி பழுதின்றி உழைக்கும் என்பது பொது எண்ணம். அஃது எவ்வளவு சரி? வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

நம் சிவாஜிநகரை உள்ளடக்கிய பெங்களூர்த் தண்டு 1809-இல் அமைந்தது. இத்தகைய படைநகர்களில் வாழ்ந்த ஆங்கில அதிகாரிகள் பலர் வேட்டையில் நாட்டமுடையவர்கள். இங்கிலாந்தில் கையால் செய்யப்பட்ட இரட்டைக்குழல் துப்பாக்கி அவர்களுக்குப் பெருமைக்குரிய உடைமை. அதற்கென ரிக்பி நிறுவனம் 1898-இல் ‘.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ தோட்டாவை வெளியிட்டது. அதில் இட்ட மருந்து கார்டைட்.

குளிர்நாட்டில் குறையின்றி வெடித்த அத்தோட்டா நம் நாட்டு வெயிலில் தொல்லை தந்தது. காரணம் யாது? சூடேறிய கார்டைட் விரைந்து எரியும்; அழுத்தம் மிகும். அப்போது பித்தளைக்கூடு விரிந்து குழலின் சுவரைப் பற்றிக்கொள்ளும். வெளியே எடுக்க வராது. இரு குண்டுகளும் தீர்ந்து, காயம்பட்ட புலி எதிரே நிற்கையில் கூடு சிக்கினால் உயிருக்கே கேடன்றோ?

1903-இல் ஈலி நிறுவனம் நீண்ட, தடித்த கூடுடைய ‘.450 நம்பர் 2’ தோட்டாவை அமைத்தது. கூட்டினுள் இடம் பெருகியதால் அழுத்தம் தணிந்தது. குண்டின் வேகம் குறையவில்லை.

பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) நம்பிக் கையாண்டதோ, ஆலையில் பெருவாரியாகச் செய்யப்பட்ட வின்செஸ்டர் 1895 மாதிரித் துப்பாக்கி!

1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்துவிட்டது. எனினும் கருவி செய்யக் கற்கும் மாணவர் இதனை மறத்தலாகாது: எந்த வெயிலில் அது உழைக்க வேண்டுமோ, அந்த வெயிலிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும்.