கரியடுப்புக்கு மரக்கூடு

கேள்வி: ஐயா, கரியில் புகையூட்டும் அடுப்புக்கு மரத்தில் பெட்டி செய்து கொல்லையில் வைக்கலாமா? — வாசகர், டோர்வல்

பதில்: வைக்கலாம், ஆனால் மரத்தின் சுபாவத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சாதாரணமாக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் தீப்பற்றும் மரம், அதனினும் குறைந்த உஷ்ணத்தில் நெடுங்காலம் வெதும்பி வந்தால் கரியாகி, பிற்பாடு சொற்ப வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டாகையால், அடுப்பு பலகையைத் தீண்டாமல் கான்கிரீட் கல்லின்மீது நிற்க, சுற்றுப் பலகைகளின் உட்புறம் சிமென்ட் பலகையை, இடையே இரும்புக் குழாய்த் துண்டுகள் கொடுத்து ஓர் அங்குலம் விலக்கி, மேலும் கீழும் காற்றோடும்படி முடுக்கி, தயாரிப்பாளர் குறித்த தூரத்தையும் தவறாமல் விடவேண்டும். பனிக்கு அஞ்சிக் கராஜுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். கரி கக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. வேலையைத் தொடங்குமுன் நகரசபையிடமும் வீட்டுக் காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.