இரு சந்தனங்கள்

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். தாத்தா உழைத்த தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. அவர் குடியிருந்த லைன் வீட்டில், பாட்டியின் பெட்டிக்குள் இரண்டு கட்டைகள் உண்டு. ஒன்றைக் கல்லில் இழைத்தால் மணக்கும். மற்றதை இழைத்தால் கல் சிவக்கும். முன்னது சந்தனம், பின்னது செஞ்சந்தனம் என்பார் பாட்டி. இரண்டும் ஒருதாய் மக்கள் என்றே நானும் நம்பியிருந்தேன்.

தாவர நூல் வேறு கூறுகிறது. சந்தனம் ‘சான்டலம் ஆல்பம்’. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர். செஞ்சந்தனமாகிய செம்மரம் ‘டெரோகார்ப்பஸ் சான்டலினஸ்’. பெயரிட்டவர் லின்னேயஸின் மகன். பேரினம் மட்டுமன்று, குடும்பமே வேறு.

சந்தனத்தின் இலைகள் தனியிலைகள், எதிரெதிராக அமைந்தவை. அதன் கருநிறச் சிறுகனியைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும். செம்மரத்திற்கோ பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை; மஞ்சள் பூ; சிறகு சூழ்ந்த காய். டெரோகார்ப்பஸ் என்பதன் பொருளே ‘சிறகுக்கனி’தான். இது அவரைக் குடும்பம். இதன் உடன்பிறப்பு சந்தனமன்று, நம் வேங்கை! சந்தனமோ புல்லுருவி அடங்கிய வரிசையைச் சேர்ந்தது.

இதை அறிந்து ஆவதென்ன என்று கேட்பீர்கள். பள்ளி நாளில் விதையிட்டு ஒரு சந்தனக் கன்று வளர்த்தேன். நாள்தோறும் நீர் வார்த்தும், ஓராண்டு கடந்ததும் வெளுத்து மாண்டது. காரணம் இங்கு வந்து படித்தபோதுதான் விளங்கிற்று. சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. தன் இலையில் உணவு சமைத்தாலும், நீரையும் உப்புகளையும் அயற்செடியின் வேரைப் பற்றியே பெரிதும் பெறும். பக்கத்தில் ஒரு துவரைச் செடி வைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும். துவரையோ செம்மரத்தின் குடும்பம்!

வைரத்திற்காக வெட்டப்பட்டு இரண்டும் இன்று நலிந்துள்ளன. உலகச் சிவப்புப் பட்டியலில் சந்தனம் ‘அழிவுக்கு இலக்காகக்கூடியது’. செம்மரம் அதனினும் ஒருபடி மேலாக ‘அழியும் நிலையில் உள்ளது’. சந்தனம் இந்தோனேசியாவிலும் உண்டு. செம்மரத்தின் தாயகமோ கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஒன்றே. எங்கள் ஊருக்கு வடகிழக்கே, ஆந்திரத்துச் சேஷாசல மலை அதன் முதன்மையான இருப்பிடம்.

ஆகவே காக்கும் வழியும் வேறு. செம்மரத்திற்கு அம்மலைச் சரிவைக் காக்க வேண்டும். சந்தனத்தை வயலிலும் வளர்க்கலாம். முன்பு, சொந்த நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசுடைமை. நட யார் முன்வருவார்? சுரங்கம் மூடிய அதே 2001இல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி, மரத்தை நிலத்துக்காரருக்கே உரிமையாக்கிற்று.

நண்பர்களே, கன்று நடுமுன் அதன் பெயரோடு குடும்பத்தையும் கேட்டறியுங்கள். கேளாமல் நட்டு ஒரு மரத்தை இழந்தவன் சொல்கிறேன்.