அஞ்சுதெங்குக்குப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுக்கொண்டு போ

திருவனந்தபுரம் வலியசாலையில் இருந்துகொண்டு "எங்கேயாவது அமைதியா ரெண்டு நாள் போகணும் அக்கா" என்று புலம்புகிறவர்கள், கடைசியில் போய் நிற்பது கோவளத்தில். அங்கே என்ன அமைதி? அஞ்சுதெங்குக்குப் போ. பெரிய ஓட்டல் கிடையாது, கூட்டம் கிடையாது. ஆனால் யோசிக்காமல் கிளம்பினால் எரிச்சலோடுதான் திரும்புவாய்.

1. கார் வேண்டாம். தம்பானூர் ஸ்டேஷன் நமக்கு நடக்கிற தூரம்தானே! கொல்லம் பக்கம் போகிற பாசஞ்சரில் ஏறி கடைக்காவூரில் இறங்கி, ஆட்டோ பிடி. எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது, பார்த்து ஏறு. பாத்ரூம் வேலையை ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள். கரையில் போய்த் தேடாதே.

2. ஒரே நாளில் வர்க்கலை, காப்பில் என்று லிஸ்ட் போடாதே. ஓய்வுக்குப் போகிறாயா, ஓடப் போகிறாயா? அஞ்சுதெங்கும் பக்கத்துக் காயிக்கரையும் போதும். குமாரனாசான் 1873-ல் பிறந்த ஊர் காயிக்கரை. அவர் நினைவிடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வா.

3. அஞ்சுதெங்குக் கோட்டைக்குள் அரண்மனை இருக்கும் என்று நினைத்துப் போகாதே. சின்னக் கோட்டை, சுற்றிப் பார்க்கக் கொஞ்ச நேரம் போதும். ஆற்றிங்கல் ராணியிடம் இடம் வாங்கி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் மிளகு வியாபாரத்துக்காக 1695-ல் கட்டியது. 1721-ல் இங்கிருந்து ராணிக்குக் காணிக்கை கொண்டுபோன வெள்ளைக்காரர்களை ஊர்க்காரர்கள் எழும்பி வெட்டிப்போட்டார்கள், நூற்றுக்கும் மேலே. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. இல்லாவிட்டால் "இந்தச் சுவரைப் பார்க்கவா வந்தோம்" என்று உயிரை வாங்கும்.

4. இதை மட்டும் கவனமாகக் கேள். கடலில் இறங்காதே. கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கமே வேண்டாம். ஏப்ரல், மே மாதம் வெயில் காய்கிறதே என்றும் ஏமாறாதே. 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கேயோ தென்கோடிப் பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிய அலை, நாள்கணக்கில் நகர்ந்து வந்து நம் கரையில் ஏறும். ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையம் 'இன்காய்ஸ்' முன்னதாகவே எச்சரிக்கை விடும், செய்தியிலும் வரும். கிளம்புமுன் பார். தெற்கே பெருமாதுறைப் பக்கம் முதலப்பொழியில் அலையைத் தடுக்கப் போட்டிருக்கிற புலிமுட்டுக் கல்லில் ஏறி நின்று போட்டோ எடுக்கிற வேலையே வேண்டாம். தொழில் தெரிந்த மீனவர்களின் படகே கவிழ்ந்து உயிர் போன இடம் அது.

5. சாப்பாடு கையில் இருக்கட்டும். நம் அக்ரஹாரத்துச் சைவச் சாப்பாட்டை அங்கே தேடினால் பசியோடுதான் இருக்கணும். புளிச்சாதம், தயிர்ச்சாதம், வடாம் போதும். தயிர்ச்சாதத்தில் பாலைக் கூட்டி ஊற்று, மத்தியானம் புளிக்காது. மீன் சாப்பிடுகிறவளா? ஞாயிற்றுக்கிழமை போகாதே. அன்று மீனவர்களுக்கு சர்ச் பூசை நாள், பெரும்பாலும் வள்ளம் இறங்காது.

6. காயல் ஓரத்தில் ஒரு நாற்றம் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் சுளிக்காதே! தேங்காய் மட்டையை ஊறப்போட்ட வாசனை அது. அந்த மட்டை நாரிலிருந்து திரிக்கிற கயிற்றில் 'அஞ்செங்கோ' என்றே ஒரு தரம் உண்டு. கயிறு திரிக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதே, அவர்கள் வீட்டுவாசல் அது.

7. பட்டுப்புடவை, கொலுசு, நகை எல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும். பருத்தி கட்டு. ஒரு மாற்றுத்துணி, குடை, ஈரத்துணி போட ஒரு பை. அவ்வளவுதான், மூட்டை கட்டாதே.

8. நம்முடையது மேற்குக் கடல். மத்தியானம் திரும்பினால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அந்த நேரம் தென்னந்தோப்பு நிழலில் படுத்துத் தூங்கு, வெட்கப்படாதே. நாலரைக்கு மேல் கரைக்குப் போ. அஸ்தமனம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்றால், அதற்கப்புறம் கடைக்காவூரில் நிற்கிற வண்டி எது என்று காலையிலேயே பார்த்து வை. வரும்போதே ஆட்டோக்காரர் நம்பரை வாங்கிக்கொள். இருட்டின பிறகு அந்தக் கடற்கரை ரோட்டில் பிள்ளைகளோடு நின்று கைகாட்டுகிற வேலை வேண்டாம்.