ஜொகூர் இளைஞரின் முதல் ஆடைத்தொகுப்பு

நிலநடுக்கோட்டுக்கு அருகே, ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் குறையாத ஜொகூரில் புதிதாக ஆடை சேர்க்கத் தொடங்கும் இளைஞர், எண்ணிக்கையைவிடத் துணியின் தன்மைக்கே முதலிடம் தருதல் வேண்டும். பருத்தியும், ஆளிச்செடியின் நாரில் நெய்யப்படும் லினனும் வியர்வையை உறிஞ்சிக் காற்றை உட்புகவிட, பாலியெஸ்டர் மிகுந்த மலிவுச் சட்டையோ நண்பகலுக்குள் முதுகில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை, வெளிர்நீலச் சட்டைகளும், கருநீலம், சாம்பல் நிற நீளக் காற்சட்டைகளும் ஒன்றோடொன்று மாறிமாறிப் பொருந்தும். தோள் தையல் தோளெலும்பின் முனையில் அமர்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுவது நன்று. நீளத்தையும் இடுப்பையும் தையற்காரர் எளிதில் திருத்திவிடுவார், தோளைத் திருத்துவதோ கடினம்.

கோட்டுக்கு ஆகும் செலவை இங்கு மிச்சப்படுத்தலாம். மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் துணியில் தைத்த நீளக்கைச் சட்டை, அரசு ஊழியர்களின் வியாழக்கிழமை உடையாக இருப்பதோடு, மலேசியாவில் மாலை விருந்துகளிலும் முறையான உடையாக ஏற்கப்படுகிறது. அதனைக் காற்சட்டைக்குள் செருகாமல் வெளியே விடுவதே வழக்கம். காலரின்றி வட்டக் கழுத்தும் ஒற்றைப் பொத்தானும் கொண்ட தெலுக் பெலாங்கா பாணிப் பாஜு மெலாயு ஜொகூருக்கே உரியதெனினும், நோன்புப் பெருநாள் விருந்துக்குச் செல்லும் தமிழருக்குப் பாத்தேக்கே போதும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் ஒரு பருத்தி வேட்டி வேண்டும். பெரியவர்கள் முகம் சுளித்தாலும், வெல்குரோ ஒட்டு வைத்தது தொடக்கநிலையினருக்கு வசதி.

நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், முழுதும் உலராத சட்டையை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். தோல் காலணியும் இடைவாரும் மூடிய பெட்டிக்குள் கிடந்தால் அவ்வாறே கெடும்.